கைப்போரும் மூச்சும் இணைந்த காலம்: ஷாவோலின் மரபில் உடல்–மன ஒருமையின் தோற்றம்

சீனத் தற்காப்புக் கலைகளில் உடலும் மனமும் ஒருசேரப் பயிற்றப்படுவதற்கான வேரைத் தமிழர்கள் காஞ்சிபுரத்தில் தேடுவது வழக்கம். பல்லவ இளவரசர் போதிதருமர் ஷாவோலின் மடத்துத் துறவியருக்குத் தியானத்தோடு கைப்போரையும் கற்பித்தார் என்ற கதை, 2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பின் பலருக்கு வரலாறாகவே ஆகிவிட்டது. சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், அந்த இணைப்பு நிகழ்ந்தது மிகப் பிந்தைய காலத்தில், மிங் ஆட்சியின் இறுதிக்கட்டத்தில் என்பது தெளிவாகிறது.

போதிதருமரைக் குறிப்பிடும் பழைய நூல்களுள் ஒன்று, 547-ஐ ஒட்டி யாங் சுவான்ச்சி லோயாங் நகர மடங்களைப் பற்றி எழுதியது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. சீடராகக் கருதப்படும் தான்லின், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். காஞ்சியின் பெயரோ பல்லவர் பெயரோ இரண்டிலும் இல்லை. போர்ப் பயிற்சி பற்றிய பேச்சும் இல்லை. 621-இல் ஷாவோலின் துறவியர், பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமினுக்குத் துணையாகப் போரிட்டதற்கு, மடத்திலுள்ள 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சான்று. எப்படிப் பயின்றார்கள் என்பதை அது கூறவில்லை.

அவர்களுக்குப் புகழ் தேடித்தந்தது கம்பு. 1553-இல் கிழக்குக் கடற்கரையைச் சூறையாடிய கடற்கொள்ளையரை எதிர்க்கத் துறவியர் திரட்டப்பட்டார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் ஷாவோலினில் பயின்ற செங் சோங்யோ, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கம்பு வித்தையை விளக்கி ஒரு நூல் எழுதினார். அதைத் தந்த தெய்வமாக அவர் கூறுவது கின்னரரை! மடத்தின் சமையற்கட்டில் பணியாளாக இருந்து, தாக்க வந்த கலகக்காரரைக் கம்பால் விரட்டியவர் என்பது கதை. அத்தனை ஆண்டு மடத்தில் வாழ்ந்தவரும் கம்பின் மூலவராகப் போதிதருமரைக் காட்டவில்லை என்பதை நான் மிக வலுவான சான்றாகக் கருதுகிறேன்.

வெறுங்கைப் போர் மேலெழுந்ததும் இதே காலத்தில்தான். தளபதி சி ஜிகுவாங் 1560-ஐ ஒட்டி எழுதிய படைப்பயிற்சி நூலில் 32 கைப்போர் நிலைகளைத் தொகுத்தார். பெரும்போரில் இதற்குப் பயனில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கைகால்களைப் பழக்கவே கற்பிக்கச் சொல்கிறார். போர்க்களத்துக்கு உதவாத ஒன்றைப் பயில வேறு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணத்தை தாவோ மரபின் மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் தந்தன.

இந்தச் சேர்க்கை முழுமையாகத் தெரிவது 1624-ஆம் ஆண்டுக் குறிப்பைக் கொண்ட 'யிஜின் ஜிங்' நூலில். உடலைத் தேய்த்தும் கட்டையால் தட்டியும், உயிர்மூச்சை உள்ளே செலுத்தியும் பயின்றால் உடல் அடி தாங்கும், நோய் அகலும், ஞானமும் கிட்டும் என்கிறது அது. போர்வலிமை, நலம், வீடுபேறு ஆகிய மூன்றும் ஒரே பயிற்சியின் பயன்களாகின்றன. போதிதருமர் ஷாவோலினில் விட்டுச்சென்ற நூல் என்று அதைக் காட்ட, 628, 1142 ஆகிய ஆண்டுகளிட்ட இரு போலி முன்னுரைகளும் சேர்க்கப்பட்டன. 18-ஆம் நூற்றாண்டு அறிஞர் லிங் திங்கானே அந்தப் பொய்யைக் கண்டுகொண்டார். 1930-களை ஒட்டி தற்காப்புக் கலை வரலாற்றாசிரியர் தாங் ஹாவும், 2008-இல் ஷாவோலின் மடத்தைப் பற்றிய நூலில் மெய்ர் ஷஹாரும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள்.

1644-இல் மிங் ஆட்சி வீழ்ந்தது. 1669-இல் அறிஞர் ஹுவாங் சோங்சி எழுதிய ஒரு கல்லறைக் குறிப்பில் 'அகக் கலை' ஷாவோலினின் 'புறக் கலை'க்கு எதிராக நிறுத்தப்படுகிறது. மனத்தை முன்வைக்கும் இந்தப் பிரிவு பின்னர் தாய் சி உள்ளிட்ட கலைகளை விளக்கும் மொழியாயிற்று.

போலி முன்னுரை அம்பலமானதால் அந்தப் பயிற்சி பொய்யாகிவிடாது; போரையும் மருத்துவத்தையும் சமயத்தையும் ஓர் உடலில் இணைத்துப் பார்த்த அந்தத் தலைமுறையின் சிந்தனை பெரிது. அதை அவர்களிடமிருந்து பறித்து நம் ஊருக்குச் சூட்டுவது நியாயமில்லை. சிலம்பத்துக்கும் வர்மத்துக்கும் நம்மிடம் இருக்கும் சுவடிகளைக் காலம் கணித்து, முன்னுரை முதல் முடிவுரை வரை சோதித்துப் பதிப்பிக்க ஆய்வாளர்கள் முன்வர வேண்டும்.