ஒரே கோப்பையும் இரட்டைக் குவளையும்

ஜப்பானியச் சாப்பாட்டுக்கு இன்று உலகம் முழுக்க மரியாதை. 2007 நவம்பரில் மிஷலின் நிறுவனம் டோக்கியோ உணவகங்களுக்கு முதன்முறையாக நட்சத்திரம் வழங்கியபோது, அந்த நகரம் பாரிஸையே தாண்டிவிட்டது. 2013-இல் யுனெஸ்கோ ஜப்பானிய உணவு மரபைப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நம் கோவையிலும் இப்போது சூஷி கிடைக்கிறது, விலை கேட்டால்தான் தலை சுற்றும்.

அந்த உயர்தர விருந்தின் பெயர் கைசெகி. சின்னச் சின்னத் தட்டுகளில், பருவத்துக்கு ஏற்றபடி, ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதன் வேர்களில் ஒன்று டீ. தேநீர்ச் சடங்குக்கு முன் விருந்தாளிக்குக் கொடுத்த எளிய சாப்பாடுதான் பின்னாளில் இவ்வளவு பெரிய விருந்தாக வளர்ந்தது. அந்தச் சடங்குக்கு இன்றைய வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் சென் நோ ரிக்யூ (1522–1591). அவர் அமைத்த டீ அறையின் வாசல் இரண்டடி சொச்சம்தான். எவ்வளவு பெரிய பிரபுவாக இருந்தாலும் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து, முழங்காலில் நகர்ந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே கெட்டியாகக் கலக்கிய டீயை ஒரே கோப்பையில் எல்லோரும் மாறி மாறிக் குடிப்பார்கள். ஒருவர் வாய் வைத்த கோப்பையைத் துடைத்து அடுத்தவரிடம் நீட்டுவதுதான் அங்கே மரியாதை.

கொங்கு நாட்டில் பிறந்த ஒருவர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் படிக்க முடியும், தோழர்களே.

நம் ஊரில் டீ எப்படி வந்தது? கோவை மாவட்டத்தின் ஆனைமலைக் காட்டை அழித்து, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் வால்பாறைத் தோட்டங்களைப் போட்டார்கள். அங்கே கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். அந்த இலை தூளாகிச் சமவெளியின் டீக்கடைக்கு வந்தபோது, பறித்த கைக்குத் தனி டம்ளர் காத்திருந்தது. காப்பிக்கு வேறொரு கதை. காப்பி ஓட்டல்களின் பலகையில் 'பிராமணாள்' என்று எழுதியிருந்தது. காப்பி எப்படி மேல்சாதி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமானது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பலகையை எதிர்த்துப் பெரியார் 1957-இல் சென்னையில் முரளி கபே முன்னால் மறியல் நடத்தினார், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். பெரிய போராட்டம், மறுக்க முடியாது. ஆனால் கிராமத்து டீக்கடையில் பலகையே கிடையாது. கடைக்காரர் பிராமணரும் இல்லை. அழிக்க அங்கே எழுத்து இல்லை, தனியாகத் தொங்கும் டம்ளர் மட்டும் இருந்தது.

அந்த டம்ளரின் வரலாற்றை நம் தாத்தா பாட்டிகளிடம்தான் கேட்க வேண்டும். முதலில் கொட்டாங்குச்சி. கடைக்கு வெளியே குத்த வைத்து உட்கார்ந்து, உயரத்திலிருந்து ஊற்றுவதை ஏந்திக் குடிக்க வேண்டும். பிறகு அலுமினிய டம்ளர். கூரை இடுக்கில் செருகி வைத்திருப்பார்கள், நாமே எடுத்து, குடித்து, கழுவி, அங்கேயே செருக வேண்டும். காசு மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இன்னொன்றையும் யோசியுங்கள். கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் அந்தத் தோல் பையைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். அவர்கள் தைத்த தோல் கிணற்றுக்குள் போய் வந்தது, அவர்கள் போக முடியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசமைப்பின் 15(2) பிரிவு உணவகங்களையும் கடைகளையும் பெயர் சொல்லியே திறந்துவிடுகிறது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம், இன்றைய பெயரில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், நான்காம் பிரிவில் பொது உணவகத்தின் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையே தனிக் குற்றமாக எழுதியிருக்கிறது. மாணவத் தோழர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள், காவல் நிலையத்தில் பேச உதவும். சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழிந்த பிறகும், 2000-களில், பெரியார் திராவிடர் கழகத் தோழர்கள் இரட்டைக் குவளை உடைப்புப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. பிறகு பேப்பர் கப் வந்தது. நமக்குப் பேப்பர் கப், அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். கேட்டால் சுத்தம், சுகாதாரம் என்பார்கள். கொட்டாங்குச்சி போய்விட்டது என்று நினைத்தால், 2024 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் தோட்ட வேலைக்குப் போன நம் பெண்களுக்கு அதில்தான் டீ ஊற்றினார்கள். வழக்குப் பதிவாகி இரண்டு பேர் கைதானார்கள்.

சரி, ஒரே கோப்பையில் குடித்த ஜப்பான் சமத்துவ நாடா? இல்லை. டீ அறைக்குள் இருந்த சமத்துவம் அந்த இரண்டடி வாசலைத் தாண்டி வெளியே வரவில்லை. ரிக்யூவின் எஜமான் ஹிதெயோஷி 1587-இல் கியோத்தோவின் கித்தானோவில் மாபெரும் டீ விழா நடத்தி, விவசாயிகளையும் வரச் சொன்னார். அடுத்த ஆண்டே அதே விவசாயிகளின் வாள்களைப் பறித்தார். 1591-இல் யாரும் தம் பிறப்பு நிலையை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று ஆணை போட்டார். ரிக்யூவைத் தற்கொலை செய்துகொள்ளச் சொன்னதும் அதே ஆண்டுதான்.

ஜப்பானிலும் செத்த மாட்டை அப்புறப்படுத்தித் தோல் பதனிட்ட மக்கள் ஊருக்கு வெளியேதான் வைக்கப்பட்டார்கள். சாமுராயின் கவசத்துக்கும் கோயில் முரசுக்கும் தோல் கொடுத்தவர்கள் அவர்கள். 'எத்தா', அதாவது அசுத்தம் நிறைந்தவர்கள், என்று அவர்களை அழைத்தார்கள். இன்று சொல்லும் பெயர் புராகுமின். 15-ஆம் நூற்றாண்டில் ஆட்சியாளர் அஷிகாகா யோஷிமாசாவுக்குத் தோட்டம் அமைத்த புகழ்பெற்ற கலைஞர் ஸென்னாமியும் இப்படி ஒதுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து வந்தவரே. 1871-இல் அரசு ஆணை போட்டு இந்தப் பிரிவினையை ஒழித்தது. 1872 தொடக்கத்தில் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தி வெளியானது. அதோடு மாட்டிறைச்சி நாகரிகத்தின் அடையாளமாகிவிட்டது. மாடு வெட்டியவர் மட்டும் அசுத்தமாகவே இருந்தார். ஐம்பது ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, 1922 மார்ச் 3 அன்று கியோத்தோவில் அவர்களே கூடி சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மகத் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளியதற்கு ஐந்து ஆண்டு முன்பு.

அவர்கள் சாப்பாட்டைப் பாருங்கள். மேல்தட்டு வாங்காத மாட்டுக் குடலைக் கொழுப்பு உருகும்வரை பொரித்தால் அபுராகாசு. இறைச்சியை உப்பிட்டு உலர்த்தினால் சாய்போஷி, அதாவது நம் உப்புக்கண்டம். அந்த அபுராகாசு போட்ட ஊதொன் நூடுல்ஸை இன்று ஒசாகாவில் எல்லோரும் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இங்கே 2025 ஜனவரியில் கோவை உடையாம்பாளையத்தில் மாட்டிறைச்சி பிரியாணிக் கடை போட்ட தம்பதியை மிரட்டினார்கள். வீடியோ பரவிய பிறகு வழக்குப் பதிவானது.

ஒசாகாவைப் பார்த்து ரொம்பவும் மகிழ்ந்துவிட வேண்டாம். டோக்கியோவின் ஷிபாவுரா இறைச்சிச் சந்தையில் மாடு வெட்டும் தொழிலாளர்களுக்கு இந்தக் காலத்திலும் வசைக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றை அவர்கள் கிழித்துப் போடவில்லை. சந்தையின் தகவல் மையத்தில், வருகிறவர்கள் படிக்கட்டும் என்று காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.