கலை (ஆண்மான்)

கலை என்பது ஆண்மானைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இதற்கு இணையான பெண்பாற்பெயர் பிணை. இன்று இச்சொல் தனியே வழங்குவது அரிது. ‘கலைமான்’ என்ற கூட்டுச்சொல்லாகவே பெரும்பாலும் வழங்குகிறது.

விலங்குகளின் ஆண், பெண், இளமைப் பெயர்களைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பிய மரபியல், புல்வாயின் ஆணுக்கு இரலை, கலை என்ற பெயர்களைத் தருகிறது. கலை என்ற பெயர் உழைமானுக்கும் உரியது. முசு என்னும் கருமுகக் குரங்கின் ஆணுக்கும் அது நிலைபெற்ற பெயர் என்கிறது அந்நூல். மரை என்னும் மான்வகையின் ஆணையோ ஏறு, ஒருத்தல் என்று சுட்டுகிறது. இந்தப் பகுப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. புல்வாய் எனப்படும் வெளிமானின் கொம்பு முறுக்கியது, கிளைக்காதது, உதிராதது. உழை என்று கொள்ளப்படும் புள்ளிமானின் கொம்போ கிளைவிட்டு வளர்ந்து, உதிர்ந்து, மீண்டும் முளைப்பது. முசுவுக்குக் கொம்பே இல்லை. எனவே ‘கொம்புடையது’ என்று இச்சொல்லுக்குப் பொருள் காண்பது பொருந்தாது. ஆண் என்பதே இங்கு அடிப்படைப் பொருள். குறுந்தொகையின் 69ஆம் பாடலில் கலை என்பது மலைச்சாரலில் இறந்துபட்ட ஆண்குரங்கையே குறிக்கிறது.

கல்வி, நுண்தொழில், திங்களின் பிறை ஆகியவற்றைக் குறிக்கும் கலை, ‘கலா’ என்ற வடசொல்லின் வழி வந்தது. ஆண்மானைக் குறிக்கும் கலை அதிலிருந்து வேறானது. எழுத்தால் ஒன்றுபட்டதே தவிர வேரால் அன்று. மலையாளத்தில் இன்றும் ஆண்மான் ‘கலமான்’ எனப்படுவது, இச்சொல் இரு மொழிக்கும் பொதுவான பழஞ்சொல் என்பதைக் காட்டுகிறது.

பாலைத்திணைப் பாடல்களில் கலை அன்பின் உருவாகவே நிற்கிறது. நிழலற்ற காட்டில் வாடும் பிணைக்குத் தன் உடல் நிழலையே தந்து காக்கும் கலையைக் கலித்தொகை காட்டுகிறது. ஐந்திணை ஐம்பதில் வரும் கலை, சுனையில் எஞ்சிய சிறிதளவு நீரைப் பிணை பருகட்டும் என்று, தான் குடிப்பதுபோல நடிக்கிறது. பொருள்தேடப் பிரிந்த தலைவன் இக்காட்சிகளைக் கண்டு தன் துணையை நினைப்பான் என்பது இவற்றின் குறிப்பு. பிரிவைச் சொல்லும் பாட்டுக்குள் பிரியாத விலங்கிணையை வைத்த புலவர்களின் நுட்பம் வியக்கத்தக்கது.

கலைக்குச் சமயத்திலும் இடமுண்டு. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி, கொற்றவையைக் கலையை ஊர்தியாகக் கொண்டவளாகப் பாடுகிறது. மாமல்லபுரம் வராக மண்டபத்தில் உள்ள, கொற்றவையோடு ஒன்றாகக் கருதப்படும் துர்க்கையின் புடைப்புச் சிற்பத்தில் சிங்கத்துடன் மானும் காணப்படுகிறது.

தற்காலத்தில் கிறித்துமசுக் கதைகளில் வரும் பனிநாட்டு மானையும் கலைமான் என்கின்றனர். அவ்வினத்தில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. இவ்வழக்கில் கலைமான் ஓர் இனத்தின் பெயராகிவிட்டதால், தொல்காப்பிய மரபியலுக்கு முரணான ‘பெண் கலைமான்’ என்ற தொடரும் இன்று இயல்பாக அமைகிறது.