தழும்புள்ள கைகள்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக் கோவில்களில் திருப்பலி முடிந்து வெளியே வரும் மூத்தோரின் மேற்கைகளைச் சற்றே கவனித்தால், காசளவில் சுருங்கி வெளிறிய ஒரு தழும்பு பலரிடமும் தென்படும். சிலருக்கு அது இரண்டாக இருக்கும். பிள்ளைப் பருவத்தில் அம்மை குத்திய அடையாளம் அது. 1970களின் பிற்பகுதிக்குப் பின் பிறந்தோரிடம் அதனைக் காண இயலாது; அவர்கள் கையில் இருப்பது காசநோய்த் தடுப்பூசியின் சிறு வடுவே. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் நம் மாகாணத்தில் நடந்த ஒரு பெரிய வழக்கின் தீர்ப்பு அந்தத் தழும்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதனைச் சுமப்பவர்களே அதை மறந்துவிட்டார்கள்.

2025ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் கேரளத்திலும் தமிழகத்திலும் கொரோனாத் தொற்று மீண்டும் தலைகாட்டியபோது, அடுத்த அலை வருமோ என்ற கேள்வி தேநீர்க் கடைகளிலும் கோவில் முற்றங்களிலும் எழுந்தது. வந்தால் ஊசி போடுவார்களா என்று சிலர் கேட்டனர். போட்டால் போவோமா என்று வேறு சிலர் தாழ்ந்த குரலில் கேட்டனர். இந்த இரண்டாவது கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. படித்தவர்களாகிய நாமும் பலமுறை அப்படித்தான் ஒதுக்கியிருக்கிறோம். வரலாற்றைப் புரட்டினால் அவ்வாறு ஒதுக்க மனம் வருவதில்லை.

பெரியம்மையை நம் முன்னோர் வெறும் நோயாகக் கருதவில்லை. வீட்டிற்கு அம்மாள் வந்திருக்கிறாள் என்றே சொன்னார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுக்களையில் தாளிப்பதை நிறுத்தினார்கள். சாத்தூரை அடுத்த இருக்கன்குடி மாரியம்மனுக்கும், விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்கும் நேர்ந்துகொண்டார்கள். கொள்ளைநோய்க் காலங்களில் கத்தோலிக்கர் புனித செபஸ்தியாரிடம் ஓடினார்கள். அவர்கள் வீட்டு வாசலிலும் வேப்பிலை இருந்தது; உள்ளே சுவரில் மாட்டிய படத்தில்தான் வேறுபாடு. இத்தகைய மண்ணில்தான் அம்மைப்பால் வந்து இறங்கியது.

இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் பசு அம்மைப் பாலைக் கொண்டு முதல் சோதனை செய்தது 1796இல். ஆறே ஆண்டுகளில் அந்தப் பால் வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா வழியாக இந்தியா வந்தது. 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் ஆனா டஸ்தால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு அது குத்தப்பட்டது. அவள் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து எடுத்த பாலே பிற ஊர்களுக்குச் சென்றது. அதே ஆண்டில் சென்னைக்கும் அது வந்து சேர்ந்தது.

அந்தப் பாலைப் புட்டியில் அடைத்து அனுப்ப அன்று வழியில்லை. வெயிலில் அது வீரியம் இழந்துவிடும். ஆகவே கையிலிருந்து கைக்கு என்ற முறையே நெடுங்காலம் நிலவியது. ஒரு குழந்தைக்குக் குத்துவார்கள். எட்டாம் நாள் அளவில் கொப்புளம் முற்றும். அக்குழந்தையைத் தாய் மீண்டும் கொண்டுவர வேண்டும். அதன் புண்ணைக் கீறிப் பாலெடுத்து அடுத்த குழந்தைகளுக்குக் குத்துவார்கள். ஏற்கெனவே காய்ச்சலில் துவண்ட பிள்ளையை மறுபடியும் கீறக் கொடுக்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? குத்தியவுடன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார் மறைந்துபோவதாக அதிகாரிகள் குறைபட்டுக்கொண்டனர். யார் வீட்டுக் குழந்தையின் இரத்தநீர் நம் குழந்தையின் உடலில் கலக்கிறது என்ற சாதிக் கேள்வியும் உடன் எழுந்தது. அந்தக் கேள்வி இழிவானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், ஒரு குழந்தையின் நோய் இன்னொன்றுக்குத் தொற்றிவிடும் என்ற அச்சம் அப்படியன்று. கைமாறிய பாலோடு மேகநோய் போன்றவை பரவக்கூடும் என்பதை ஐரோப்பிய மருத்துவர்களே பின்னர் ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொரு குறையும் இருந்தது. கந்தக பூமி என்று நாமே பெயரிட்டழைக்கும் இந்த வறண்ட நிலத்தின் கோடையில், வழியிலேயே கெட்டுப்போன பாலைக் குத்திக்கொண்டவருக்குத் தழும்பும் எழாது, பாதுகாப்பும் கிடைக்காது. பின்னர் ஊரில் அம்மை பரவும்போது அவருக்கும் அது காணும். குத்தியும் வந்துவிட்டதே என்று அண்டை வீட்டார் சொன்ன சொல்லுக்கு எந்தத் துண்டறிக்கை ஈடாகும்? 1880ஆம் ஆண்டின் தடுப்பூசிச் சட்டம் நகராட்சிகளில் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்க வழிசெய்தது. ஆனால் சட்டத்தால் கெட்ட பாலை நல்லதாக்க முடியவில்லை.

மாற்றம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டபிள்யூ. ஜி. கிங், கன்றின் தோலில் வளர்த்த பாலைக் கம்பளிக் கொழுப்புடன் குழைத்துப் பாதுகாக்கும் முறையை வகுத்தார். அவர் பெயரால் கிண்டியில் அமைந்த கிங் நிலையம் அம்மைப்பாலைப் பெருமளவில் ஆக்கத் தொடங்கியது. குழந்தையின் கையைக் கீறிப் பாலெடுக்கும் கொடுமை படிப்படியாக ஒழிந்தது. எனினும், சிறு பற்களுள்ள வட்டக் கருவியைத் தோலில் அழுத்தித் திருகும் வலி நம் மூத்தோர் காலம்வரை இருந்தது. அம்மை குத்துபவர் தெருவுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் பரண்மேல் ஏறி ஒளிந்த கதையை அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வெயிலுக்குத் தாங்கும் உலர்ந்த மருந்தும், கவர்முனை ஊசியும் 1960களிலும் 70களிலும் பரவிய பின்னரே வழக்கு முடிவுக்கு வந்தது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது; 1980இல் உலகம் முழுவதும் அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

நம் திருச்சபையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 1822இல் திருத்தந்தை ஏழாம் பத்திநாதரின் ஆட்சியில், அவருடைய செயலர் கர்தினால் கோன்சால்வி திருத்தந்தையின் ஆட்சிப் பகுதிகளில் அம்மை குத்துவதை ஊக்குவித்து ஆணை பிறப்பித்தார். அடுத்து வந்த பன்னிரண்டாம் சிங்கராயர் காலத்தில் கட்டாயம் தளர்த்தப்பட்டது. அதிலிருந்து, அவர் தடுப்பூசியையே தடைசெய்தார் என்றொரு கதை கிளம்பி நூல்களிலும் ஏறிவிட்டது. அதற்கு ஆதாரம் இல்லை. வதந்திக்குத் திருத்தந்தையரும் தப்பவில்லை.

சுதந்திரத்திற்குப் பின் வந்த காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. இயக்கத்தை 1955இல் வெளிப்படையாக எதிர்த்தவர் சாதாரண மனிதர் அல்லர். அதற்கு முந்திய ஆண்டுவரை சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த இராஜாஜி. நலமாயிருக்கும் கோடிக்கணக்கான பிள்ளைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்தலாமா என்பது அவருடைய வினா. அதற்கு முறையான சோதனையே விடை கூற வேண்டும். 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே மாபெரும் ஆய்வு தொடங்கிற்று. பத்தாண்டுகளுக்குப் பின் வெளிவந்த முடிவு, வளர்ந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று கூறியது. பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது என்பதால் இன்றளவும் தொடர்கிறது. இராஜாஜி கூறியதெல்லாம் சரி என்று நாம் சொல்லவில்லை. தான் விரும்பாத விடையையும் அறிவியல் மறைக்காமல் வெளியிட்டதே என்று வியக்கிறோம். அந்த நேர்மையை அன்றாட மருத்துவமனை வாசலில் மக்கள் கண்டார்களா என்பதே நம் ஐயம்.

ஏனெனில் இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு காயம் உண்டு. 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண் ஒருவருக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது தெரியவந்தது. சிவகாசி இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம் அது. நாடே அதிர்ந்தது, பின் மறந்தது. இந்த மண் மறக்கவில்லை. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரி 16இல் கொரோனாத் தடுப்பூசித் திட்டம் தொடங்கி, ஊசியுடன் வந்து கையை நீட்டச் சொன்னது. பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே மாதம் 25இல் சிவகாசி அருகே காளையார்குறிச்சியில் இன்னொரு வெடிவிபத்து. ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் காலமானார். ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு முடிவு கூறியது அக்டோபரில். இடையில் இரண்டாம் அலை வந்து, மே மாதத்தில் தமிழகத்தில் நாளொன்றுக்கு முப்பத்தாறாயிரம் பேர்வரை தொற்றுக்குள்ளாகி, எத்தனையோ வீடுகளை வெறுமையாக்கிப் போய்விட்டிருந்தது. வதந்தி ஒரு நாளில் ஊர் சுற்றிவர, விளக்கம் ஆறு மாதம் எடுத்துக்கொண்டது.

நாள்தோறும் கருமருந்தின் நடுவே அமர்ந்து சரம் பின்னுகிறவர், ஓர் ஊசிக்கு அஞ்சுவாரா என்று நகரத்தார் வியப்பதுண்டு. அவர் அஞ்சியது பெரும்பாலும் ஊசிக்கன்று, மறுநாள் காய்ச்சலுக்கே. செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. இரண்டு நாள் படுத்தால் இரண்டு நாள் கூலி இல்லை. அதை ஈடுசெய்வார் எவருமில்லை. 2020 ஊரடங்கில் ஆலைகள் மூடி, அவ்வாண்டுத் தீபாவளிக்குத் தில்லி முதலிய இடங்களில் பட்டாசுக்குத் தடையும் வந்து, கடனில் மூழ்கிய வீட்டில் அந்த இரண்டு நாள் சிறிய தொகையன்று. எட்டாம் நாள் பிள்ளையை மறுபடியும் கொண்டுவர மறுத்த தாயின் கணக்கும் இதைப் போன்றதே. இருவரிடமும் ஊசியின் நன்மையை விளக்கினார்கள். அதன் மறுநாளைப் பற்றி எவரும் பேசவில்லை.

2021 செப்டம்பர் 12 ஞாயிறன்று தமிழக அரசு நாற்பதாயிரம் இடங்களில் மாபெரும் முகாம் நடத்தி, ஒரே நாளில் இருபத்தெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டது. அரிய சாதனை. பின்னர் அக்டோபரில் முகாம் சனிக்கிழமைக்கு மாறியது. ஞாயிறன்று இறைச்சி உண்போரும் மது அருந்துவோரும் ஊசிக்கு வரத் தயங்குகிறார்கள் என்பதே அமைச்சர் தெரிவித்த காரணம். அதைக் கேட்டுப் பலர் சிரித்தனர். நம் பகுதிக்கு அதன் பயன் வேறு. ஞாயிறு ஊசி போட்டவருக்குத் திங்கட்கிழமை வேலை போகும். சனிக்கிழமை போட்டவரின் காய்ச்சல் விடுமுறை நாளிலேயே வந்து போய்விடும். (ஞாயிறு திருப்பலிக்குச் சிலர் வராமற்போனதைப் பங்குத் தந்தையர் பொறுத்துக்கொண்டிருப்பார்கள் என நம்புகிறோம்.) இந்த எளிய கணக்கைத் திட்டம் தொடங்கும் முன்பே பட்டாசு ஆலை வாசலில் நின்று எவரேனும் கேட்டிருக்கலாம்.

மனச்சான்று பற்றிய கேள்விகளுக்கு 2020 டிசம்பர் 21இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விடையளித்திருந்தது. தடுப்பூசி தன்விருப்பமாய் அமைய வேண்டும் என்றும் அது கூறிற்று. 2021 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் ஊசி போட்டுக்கொள்வதை அன்பின் செயல் என்றார். மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் நம் மறையுரைகளில் அந்நாட்களில் பலமுறை ஒலித்தது. உடல்களை அடக்கம் செய்ய முன்வந்த இளைஞர்களையும் துறவியரையும் நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

பின்னர் 2024இல், கோவிஷீல்டின் மூல நிறுவனம் இங்கிலாந்து நீதிமன்றத்தில் அளித்த பதில் செய்தியாயிற்று. மிக அரிதாக இரத்தம் உறைந்து, தட்டணுக்கள் குறையும் கேடு இந்த ஊசியால் நேரலாம் என்பதே அது. சிவகாசியில் பலர் தங்களை ஏமாற்றிவிட்டதாக வெகுண்டனர். உண்மையில் ஐரோப்பிய மருந்து ஆணையம் அந்த அரிய கேட்டை 2021 ஏப்ரலிலேயே அறிவித்திருந்தது. அதை அன்றே நம் மொழியில், நம் முகாம் வரிசையில் நின்றவரிடம் சொல்லியிருந்தால் சிலர் திரும்பிப் போயிருப்பர். பலர் கையை நீட்டியிருப்பர் என்றே நாம் எண்ணுகிறோம்.

2022 ஜனவரி 12இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே பயிலும் பிள்ளைகளின் கைகளில் அம்மைத் தழும்பு இல்லை. அடுத்த அலை வந்தால், சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் வீடு வீடாகச் சென்று கதவு தட்டப்போவோர் அவர்களாக இருக்கலாம். கதவைத் திறக்கும் பாட்டியின் கையில் இன்னும் அது இருக்கிறது.