எல்லோரும் பட்டினி கிடந்த இடத்தில் பரம்பரையைக் கேட்பது: வன்னியும் மினசோட்டாச் சான்றும்

இலங்கையின் வடக்கே வன்னியில் போருக்குப் பிந்திய உண்ணல் கோளாறுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே வாதத்தில் வந்து நின்றுவிடுகிறது. 2009இன் முற்பகுதியில் புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான நிலப்பரப்பில் அடைபட்ட மக்கள் அனைவரும் பட்டினி கிடந்தார்கள். எனவே அதன்பின் ஒருவர் உணவை மறுத்தால் போரும் மனவடுவுமே காரணம். பரம்பரைக்கு அங்கே இடமில்லை. இதன் முற்பாதியை யாரும் மறுக்க முடியாது. ஏறத்தாழ 3,30,000 பேர் உள்ளே இருப்பதாக மாவட்ட அதிகாரிகள் கணக்குக் கொடுத்தபோது, 70,000 பேர்தான் என்று அரசு சொல்லி அந்த அளவில் உணவு அனுப்பப்பட்டதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. ஆனால் பிற்பாதி முற்பாதியிலிருந்து பிறக்கவில்லை. எல்லோரும் ஒரே பசியை அனுபவித்தார்கள் என்றால், அந்தப் பசியைக்கொண்டு ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்க முடியாது. சூழல் எவ்வளவுக்குப் பொதுவாகிறதோ அவ்வளவுக்கு, மிஞ்சும் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு கூடும். உண்ண மறுத்து மெலியும் நோயான அனொரெக்சியாவில் பரம்பரையின் பங்காக இரட்டையர் ஆய்வுகள் சொல்லும் 50 முதல் 60 வீதம் என்ற எண்ணும் இத்தகைய விகிதமே. அது ஒரு தனி மனிதருடைய நோயின் பாதியை அளந்து சொல்வதல்ல. ஒரு சமூகத்துக்குள் காணும் வேறுபாட்டைப் பற்றியது.

வன்னிப் பசி முற்றிலும் சமமாக இருக்கவில்லை என்பது உண்மை. நகையைக் கொடுத்து அரிசி வாங்கிய குடும்பமும் கஞ்சித் தண்ணீரோடு நாளைக் கடத்திய குடும்பமும் அருகருகே பதுங்குகுழியில் இருந்தன. அதனால் என் வாதம் சற்று மெலிகிறது; விழுந்துவிடவில்லை.

பசியே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்போர் கையில் எடுக்கும் சான்று மினசோட்டாப் பட்டினிப் பரிசோதனை. 1944–45இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸ், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்தார். உடல் எடையில் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்தது. அவர்கள் உணவையே நினைத்தார்கள், சமையற் குறிப்புகளைச் சேர்த்தார்கள், ஒரு தட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் உண்டார்கள், எரிச்சலும் சோர்வும் கொண்டார்கள். இவையெல்லாம் அனொரெக்சியா நோயாளரிடமும் காணப்படுபவை. ஆகவே நோய் என்பது பட்டினியின் விளைவு என்று அந்தத் தரப்பு படிக்கிறது.

1950இல் வெளியான அந்தப் பரிசோதனையின் பெரும் பதிவைப் பின்பகுதியிலிருந்து படித்தால் வேறொன்று தெரிகிறது. கட்டுப்பாடு நீங்கியதும் அந்த இளைஞர்கள் என்ன செய்தார்கள்? உண்டார்கள். சிலர் வயிறு நிறைந்த பின்னும் நிறுத்த முடியாமல் உண்டார்கள். இழந்த எடை திரும்பியது. சிலருக்கு முன்னிருந்ததையும் தாண்டியது. வயிறும் பின்புறமும் பருக்கின்றன என்று குறைப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். என் படிப்புக்கு எதிராகக் காட்டத்தக்க இடம் இதுதான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் குறைப்பாடு நிலைத்த உணவு மறுப்பாக மாறியதாகத் தெரியவில்லை. ஆக, பட்டினி மனித உடலிடம் எழுப்பும் பொதுவான பதில் பெரும்பசியே. பட்டினி முடிந்த பின்னும் தொடரும் மறுப்பு அந்தப் பொதுப் பதிலின் நீட்சியல்ல, அதன் முறிவு. முறிவுக்கு வேறு காரணம் தேட வேண்டும். மினசோட்டாவின் 36 பேரும் ஆண்கள், சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், பட்டினி முடியும் நாளை அறிந்தவர்கள், அவர்கள் தலைமேல் எறிகணை விழவில்லை. எனவே அவர்களை வன்னிக்கு அளவுகோலாக வைக்க நான் தயங்குகிறேன். ஆனால் அந்தத் தயக்கம் எதிர்த்தரப்புக்கும் அதே அளவில் பொருந்தும்.

அந்த வேறு காரணம் எங்கே இருக்கலாம் என்பதற்கு 2019இல் ‘நேச்சர் ஜெனெட்டிக்ஸ்’ வெளியிட்ட ஆய்வு ஒரு திசை காட்டுகிறது. 16,992 நோயாளரையும் 55,525 பிறரையும் ஒப்பிட்டு, மரபணுத்தொகையில் எட்டு இடங்களை அது அடையாளங்கண்டது. அனொரெக்சியாவின் மரபணுப் பின்னணி எண்ணச் சுழற்சிக் கட்டாயக் கோளாறு (OCD) போன்ற உளநோய்களோடு மட்டுமன்றி, இன்சுலின், கொழுப்பு ஆகியவற்றை உடல் கையாளும் விதத்தோடும் பிணைந்திருந்தது. உடற்பருமனோடு தொடர்புடைய மரபணுக்களைக் கழித்த பிறகும் அந்தப் பிணைப்பு நின்றது. எடை குறையும்போது பெரும்பாலோருக்கு உடல் பசியை ஏவுகிறது. சிலருக்கு அந்த ஏவல் வலுவின்றிப் போகலாம். அப்படிப்பட்டவருக்கு உணவுக் கட்டுப்பாடு தானாக வந்ததா, முற்றுகையால் வந்ததா என்பது தொடக்கத்தை மட்டுமே மாற்றும். இந்த ஆய்வின் தரவு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அந்த எட்டு இடங்களையும் வன்னிக்கு அப்படியே ஏற்றிவிட முடியாது. இலங்கையின் பெரிய இரட்டையர் ஆய்வும் கொழும்பு மாவட்டத்தில் நடந்ததே; அதுவும் வன்னியைப் பற்றிச் சொல்லாது.

பரம்பரையைப் பேசினால் போர் குற்றத்திலிருந்து தப்பிவிடும் என்ற அச்சம் எனக்கு விளங்குகிறது, ஏற்புடையதாக இல்லை. உறங்கிக் கிடந்திருக்கக்கூடிய ஒரு நாட்டத்தைப் பட்டினி எழுப்பியது என்றால் பட்டினி போட்டவரின் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது. விரதத்தையும் துக்கத்தையும் நோயாக்குகிறோம் என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை: விரதத்துக்கு முடிவு நாள் உண்டு, துக்கத்தில் இருப்பவர் மெலிவதை வெற்றியாகக் கொள்வதில்லை.

கடினமானது ஆய்வு முறைதான். குடும்ப வரலாறு கேட்க உறவினர் உயிரோடு இருக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்து போராடிய மண் இது. மரபணு மாதிரி கேட்பதும் இங்கே சாதாரண வேண்டுகோளல்ல. 2023இல் கொக்குத்தொடுவாயில் மனித எச்சங்கள் வெளிப்பட்ட பின், காணாமற்போன பிள்ளையை அடையாளங்காணும் வழியாகவே பல குடும்பங்கள் அதைப் பார்க்கும். அந்தத் தேவை முடியும்வரை ஆய்வாளர் இரத்தம் கேட்கக் கூடாது என்பது என் கருத்து.

வாய்மொழியாகவே தொடங்கலாம். வன்னிக் குடும்பங்களின் உடன்பிறப்புகள் பலர் 2008க்கு முன்பே டொரன்டோவுக்கும் பாரிசுக்கும் இலண்டனுக்கும் போனவர்கள். பெற்றோரிடமிருந்து பெற்றதில் ஏறத்தாழப் பாதி போனவருக்கும் இருந்தவருக்கும் ஒன்று, பட்ட பசி வேறு. முல்லைத்தீவில் உண்ண மறுத்து மெலியும் ஒரு பெண்ணுக்கு டொரன்டோவில் ஓர் அக்கா இருந்தால், பட்டினியே அறியாத அந்த அக்காவிடம் இளமையிலிருந்தே மெலிவு, குறைந்த பசி, ஒழுங்கில் அளவுமீறிய பிடிவாதம் ஆகியவை உண்டா என்று கேட்க வேண்டும். நோயில்லாத வன்னிக் குடும்பங்களிலிருந்து போன அக்காமாரிடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும்; புலம்பெயர் நாட்டின் உடல் மோகம் இரு தரப்புக்கும் பொதுவாகி ஒப்பீட்டிலிருந்து நீங்கிவிடும். இரு தரப்பும் ஒன்றுபோல இருந்தால் பசியை மட்டும் காரணமாகச் சொல்வோர் பக்கமே நியாயம் இருக்கும். நான் எதிர்பார்ப்பது அதுவல்ல.