அடுப்பும் ஆலையும்

உண்ட உணவு நஞ்சானால் முதலிற் பழி சுமப்பவர் சமைத்தவரே. அரிசியிற் கல் கிடந்தால் கடைக்காரரைக் குறை கூறும் உலகம், இறைச்சி வேகாதிருந்தால் அடுப்படியில் நின்றவரையே குறை கூறும். ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத கிருமியொன்று தொழுவத்திலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து குழந்தையின் தட்டுக்கும் வந்து சேருமிடத்து, அதற்குப் பொறுப்பாளர் யார் என்னும் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. இவ்வினாவுக்கு ஒரு விடை காண ஐக்கிய அமெரிக்காவுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன.

1906 ஆம் ஆண்டில் அப்டன் சிங்கிளேயர் என்னும் எழுத்தாளர் சிக்காகோ நகர இறைச்சி ஆலைகளைப் பற்றி ஒரு நாவலை வெளியிட்டார். தொழிலாளர் படும் துயரை நாட்டுக்கு உணர்த்துவதே அவர் நோக்கம். வாசகரோ தொழிலாளரின் துயரைக் காட்டிலும் தாம் உண்ணும் இறைச்சியின் அழுக்கைக் கண்டே பெரிதும் வெகுண்டனர். அவ்வாண்டு யூன் மாதம் 30 ஆந் தேதி, சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அன்று தொட்டு அரசாங்கப் பரிசோதகர்கள் ஆலைகளில் நின்று, அறுத்த ஒவ்வோர் உடலையும் கண்ணாற் பார்த்தும், கையால் தொட்டும், மூக்கால் முகர்ந்தும் சோதித்து முத்திரை இட்டனர். நோயுற்ற மாடுகளை விலக்குவதற்கு இம்முறை பேருதவி புரிந்தது. ஆனால், பற்றீரியாவுக்கு நிறமுமில்லை. பல வேளைகளில் மணமுமில்லை. முத்திரை பெற்ற இறைச்சியிலும் அது குடியிருத்தல் கூடும்.

இக்குறையைச் சுட்டிக்காட்டிய அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம், வெறும் முத்திரை மக்களை மயக்குகின்றது என்றும், கிருமி பற்றிய எச்சரிக்கையும் சமைக்கும் முறையும் அதனோடு அச்சிடப்பட வேண்டும் என்றும் வழக்குத் தொடுத்தது. 1974 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. அந்நாட்டு இல்லத்தரசியரும் சமையற்காரரும் அறிவிலிகள் அல்லர் என்றும், அவர்கள் வழமையாகச் சமைக்கும் முறையால் நோய் உண்டாவதில்லை என்றும் நீதிபதிகள் கருதினர். இத்தீர்ப்பு புகழுரை போலத் தோன்றினும், அதன் பயன் யாதெனின், பொறுப்பு முழுவதும் அடுப்படிக்குச் சென்று சேர்ந்தது என்பதே.

எட்டு ஆண்டுகள் கழித்து அக்கருத்தைச் சோதிக்க வல்ல ஒரு பகை தோன்றியது. 1982 இல் ஒரிகன், மிச்சிகன் ஆகிய மாநிலங்களில் ஹம்பர்கர் உண்டோர் சிலர் குருதிக் கழிச்சலால் வருந்தினர். ஆராய்ந்தபோது, ஈ. கோலை இனத்தைச் சேர்ந்த ஓ157:எச்7 என்னும் வகை அவர்களிடம் காணப்பட்டது. ஈ. கோலையின் பெரும்பாலான வகைகள் மனிதர் குடலில் தீங்கின்றி வாழ்வன. இவ்வகையோ கொடிய நச்சுப் பொருளைச் சுரப்பது. மாட்டின் குடலில் அதற்கு யாதொரு கேடும் செய்யாது தங்கும். மனிதக் குழந்தையின் உடலிற் புகுந்தாலோ, சில வேளைகளிற் செங்குருதிக் கலங்களைச் சிதைத்துச் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்யும்.

முழுத் துண்டமாக உள்ள இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். நெருப்புப் பட்டவுடன் மடியும். அரைத்த இறைச்சியின் இயல்பு வேறு. அரைக்கும் பொறி மேற்பரப்பை உள்ளே திணிக்கின்றது; பல மாடுகளின் இறைச்சியையும் ஒன்றாகக் கலக்கின்றது. எனவே வெளியே சிவந்து கருகினும், நடுவே வேகாத வட்டை ஆபத்துடையதாகும்.

1993 ஜனவரி 13 ஆந் தேதி, வாஷிங்டன் மாநிலத்தில் வைத்தியர் ஒருவர், சிறுநீரகம் பழுதுற்ற குழந்தைகள் பலர் ஒரே காலத்தில் வந்து சேர்வதைச் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவித்தார். ஐந்து நாட்களுள், 'ஜாக் இன் த பொக்ஸ்' என்னும் உணவுச்சாலைகளின் ஹம்பர்கரே காரணம் எனத் துணியப்பட்டது. வாஷிங்டன், ஐடகோ, கலிபோர்ணியா, நெவாடா ஆகிய நான்கு மாநிலங்களில் 500 பேருக்கு மேற்பட்டோர் நோயுற்றமை ஆய்வுகூடச் சோதனையால் உறுதியாயிற்று. நான்கு குழந்தைகள் மாண்டனர்.

பழி யாரைச் சாரும்? வாஷிங்டன் மாநிலம் அரைத்த இறைச்சியை 155 பாகை பரன்ஹைட் வரை சூடேற்ற வேண்டுமென 1992 இலேயே விதித்திருந்தது. உணவுச்சாலையோ 140 பாகை என்ற பழைய சமஷ்டி அளவையே பின்பற்றியது. ஆகவே அதன் குற்றம் தெளிவு. ஆயினும், இறைச்சியிற் கிருமியைச் சேர்த்தவர் அதன் சமையற்காரர் அல்லர். வந்த வழியைத் தேடிச் சென்ற ஆய்வாளர், ஐக்கிய அமெரிக்காவில் ஐந்து அறுப்பு ஆலைகளையும் கனடாவில் ஒன்றையும் ஐயுற்றனர். இன்ன ஆலை, இன்ன பண்ணை என்று ஒன்றைச் சுட்ட முடியவில்லை. எல்லாருடைய இறைச்சியும் கலந்தவிடத்து, எவருடைய குற்றமும் தனித்துத் தெரியவில்லை. மேலும், மாண்ட குழந்தைகளுள் ஒன்று அவ்விறைச்சியை உண்டதேயில்லை. நோயுற்ற வேறொரு பிள்ளையிடமிருந்து அதற்குக் கிருமி தொற்றியது. நன்றாகச் சமைத்து உண்க என்னும் அறிவுரை அக்குழந்தையின் பெற்றோருக்கு எவ்வாறு பயன்பட்டிருக்கும்?

இவ்வினாவே சட்டத்தை அசைத்தது. 1994 செப்டெம்பரில், விவசாயத் திணைக்களத்தின் இறைச்சிப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவராயிருந்த மைக்கேல் ரெயிலர், அரைத்த பச்சை மாட்டிறைச்சியில் ஓ157:எச்7 காணப்படின் அது கலப்படப் பொருளாகக் கொள்ளப்படும் என, இறைச்சி வணிகர் கூடிய சபையிலேயே அறிவித்தார். வணிகர் சங்கங்கள் நீதிமன்றை நாடின. அவ்வாண்டு டிசெம்பரில் ரெக்சாஸ் மாநிலத்துச் சமஷ்டி நீதிமன்றம் அவற்றின் கோரிக்கையை மறுத்தது. பலர் அரைவேக்காட்டையே தக்க வேக்காடாகக் கருதுகின்றனர். அவ்வாறு வழமையாகச் சமைத்து உண்போரைக் கொல்ல வல்ல பொருள் சமைப்பவரின் பிழையால் மட்டும் நஞ்சானதன்று என்பது அதன் கருத்து. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அடுப்படிக்குச் சென்ற பொறுப்பின் பெரும் பகுதி மீண்டும் ஆலைக்குத் திரும்பியது.

1996 இல் வந்த புதிய விதிகள், ஆபத்து நேரக்கூடிய இடங்களை ஆலைகளே முன்னறிந்து காத்தல் வேண்டும் எனவும், கிருமிச் சோதனை நடத்துதல் வேண்டும் எனவும் பணித்தன. 2012 இல் அதே இனத்தின் மேலும் ஆறு வகைகள் இத்தடையுட் சேர்க்கப்பட்டன.

இதனால் சமைப்போரின் கடமை நீங்கிவிடவில்லை. அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 160 பாகையை அடைய வேண்டுமென்பது இன்றும் வீடுகளுக்குக் கூறப்படும் விதி. அடுப்பு இறுதிக் காவல். அதனை நம்பி ஏனைய காவலர் உறங்குதல் தகாது. நான்கு குழந்தைகள் மாண்ட பின்னரே சட்டம் இதனை ஏற்றுக்கொண்டது என்பதே இவ்வரலாற்றின் துயரம்.