பிடி அரிசியும் பிள்ளை மனமும்

குழந்தைக்கு எழுத்தறிவிப்பதைக் காட்டிலும், தன் நெஞ்சில் எழும் கோபத்தைக் கோபமென்று கண்டுகொள்ளவும், அருகிலிருக்கும் தோழனின் முகம் வாடினால் காரணம் கேட்கவும் அதனைப் பழக்குவது அருமையான காரியம். இந்த வித்தை நமக்குப் புதிதன்று. ஔவையாரின் ஆத்திசூடி அகரத்தில் அறத்தின்மேல் விருப்பத்தையும், ஆகாரத்தில் சினத்தைத் தணித்துக்கொள்ள வேண்டிய அவசியத்தையும் வைத்திருக்கிறது. ஆகவே திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் விரல் ஊன்றிய ஐந்து பிராயத்துப் பாலகன், இரண்டாம் எழுத்தைக் கற்கும்போதே தன் கோபத்தைப் பற்றியும் ஒரு பாடம் கேட்டுவிட்டான்.

அத்திண்ணையில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்தான். முன்னே படித்தவன் பின்னே வந்தவனுக்குக் கைபிடித்து எழுதக் கற்பிப்பதே அவன் கடமை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இத்தகைய மணலெழுத்தையும் மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் கைக்கொண்டு, 1797-ஆம் ஆண்டு லண்டனில் அதனை நூலாக வெளியிட, அது 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவிற்று. எனினும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற கொடிய தண்டனையும் அதே திண்ணையில்தான் இருந்தது. சினம் ஆறுவதை வாயால் சொல்லிக்கொடுத்து, அச்சத்தைப் பிரம்பால் ஊட்டிய முரண்பாட்டையும் சேர்த்துத்தான் அக்காலக் கல்வியை நாம் எடைபோட வேண்டும்.

விருதுபட்டி என்று வழங்கிவந்து, பின்னர் விருதுநகரான ஊரில், வியாபாரத்தால் தழைத்த நாடார் சமூகத்தார் 1880-களில் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினார்கள். கோயில் வாசலும் பொதுவீதியும் தங்களுக்கு மறுக்கப்பட்ட காலத்தில், கல்வியின் வாசலையாவது தாங்களே திறந்துகொள்ள வேண்டுமென்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. கடைகளில் வசூலான மகமை ஒருபுறமிருக்க, வீடுதோறும் பெண்கள் உலையில் அரிசியிடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டுவைத்து, அதனைப் பள்ளிக்கென்று கொடுத்தார்கள். தாய் அள்ளிய அந்தப் பிடி யாருக்கு என்று அடுப்படியில் நின்று கேட்ட குழந்தை, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் என்ற விடையையும் அங்கேயே பெற்றிருக்கும். பிறருக்காக நம் பங்கில் சற்றுக் குறைத்துக்கொள்வது என்ற பெரிய தர்மம் அதன் கண்ணெதிரே, தினமும், உபதேசம் ஏதுமின்றி நடந்தது.

1903-இல் அவ்வூரில் பிறந்த காமராஜர் ஏனாதி நாயனார் வித்தியாசாலையிலும் பிறகு இப்பள்ளியிலும் பயின்றவர். அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திலும் பொதுமக்களின் பங்கும் அரசின் பங்கும் சேர்ந்தே உலை வைத்தன. ஒரு வீட்டில் பிறந்த பழக்கம் ராஜ்யத்தின் கொள்கையாக வளர்ந்ததென்று நான் கருதுகிறேன். பசித்த பிள்ளைக்குச் சோறு கிடைத்ததோடு அதன் பயன் முடியவில்லை. வெவ்வேறு தெருக்களிலிருந்து வந்தவர்கள் ஒரே பந்தியில் அமர்ந்து, ஒருவர் இலையை ஒருவர் பார்த்து, தனக்கு முன்னே பரிமாறவில்லையே என்ற ஆத்திரத்தை அடக்கி முறைக்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அதே சீமையில் வேறொரு சரித்திரமும் நடந்துகொண்டிருந்தது. 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, மழை பொய்க்கும் கரிசல் பூமியில் பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பிழைப்பைக் கொண்டுவந்தார்கள். அவ்வுழைப்பாளிகளின் பெருமையை யாரும் மறுக்க முடியாது. எனினும் காலப்போக்கில், பொழுது விடியுமுன்னே கிராமங்களுக்கு வந்து நின்ற வண்டிகளில், உறக்கம் கலையாத பிள்ளைகளும் 'தீப்பெட்டி ஆபீஸு'க்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். சட்டகத்தில் தீக்குச்சிகளை வரிசையாக அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும் சின்ன விரல்களுக்கு ஏற்ற வேலையென்று கருதப்பட்டது. அடுக்கிய கணக்குக்கே கூலியாதலால் நிமிர்ந்து பேசுவதுகூட நஷ்டமாயிற்று.

அப்பிள்ளைகள் இழந்தது அரிச்சுவடி மட்டுமா? சண்டை வந்தால் காய் விட்டு, மறுநாள் மனம் கேளாமல் பழம் விட்டு, கடலை மிட்டாயைத் துணியில் பொதிந்து காக்காய்க் கடி கடித்துப் பங்கிட்டு வளரும் சகவாசத்தையும் அல்லவா இழந்தார்கள்! விட்டுப்போன எழுத்தை இருபது வயதிலும் கற்றுக்கொள்ளலாம். ஏழு வயதின் சண்டையையும் சமாதானத்தையும் இருபதில் எங்கே போய்த் தேடுவது?

நாடு இதனைத் தாமதமாகவே உணர்ந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-இல் தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதலில் தொடங்கிய இடங்களுள் சிவகாசியும் ஒன்று. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், சட்டத்துக்கு மாறாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென ஆணையிட்டது. மீட்கப்பட்டவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் படிப்போடு மதிய உணவும் சிறிய உதவித்தொகையும் கொடுத்தார்கள். வேலையின் அதட்டலுக்குப் பழகிய ஒரு சிறுமி, அங்கே தன் பெயரைச் சொல்லி அழைக்கும் ஆசிரியையின் முன் அச்சமின்றி நிற்பதே முதல் பாடம். அகரம் அதற்கு அடுத்ததுதான்.

பின்னர் 2007 முதல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் செயல்வழிக் கற்றல் பரவியபோது, பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளைக் கையிலெடுத்து, தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லித்தரலானார்கள். திண்ணையின் நற்பண்பு, அதன் பிரம்பை உதறிவிட்டுத் திரும்பி வந்தது போலத் தோன்றுகிறது. கையுயர்த்தி அவரவர் எட்டும் உயரத்தில் எழுதுவதற்காகச் சுவரின் கீழ்ப்பகுதியில் அமைத்த கரும்பலகை, பெரியவர்கள் குனிந்து பார்க்க வேண்டிய உயரத்தில் இருந்தது.

இன்று காலை உணவுக்காகவும் பள்ளிகளில் உலை கொதிக்கிறது. தட்டைக் கையிலேந்தி நிற்கும் முதல் வகுப்புப் பிள்ளை, பின்னால் நிற்பவனுக்கும் பசிக்குமே என்று திரும்பிப் பார்க்குமானால், அன்று விருதுபட்டி அடுப்படியில் ஒரு தாய் எடுத்துவைத்த பிடி அரிசி உரிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதென்றே கொள்ளலாம். அப்படித் திரும்பிப் பார்க்க அதற்கு அவகாசம் தருவதும், பார்த்ததைக் கவனித்து மெச்சுவதும் ஆசிரியரின் கடமை. அவசரமில்லாத ஒரு வகுப்பறையை அவருக்குத் தருவது நம் கடமை.