துப்பாக்கி முனையிலிருந்து கடை வரிசைக்கு: இம்ப்ரஷனிஸ்ட் ஓவியங்களில் கோழியும் வேட்டைப் பறவையும்

பாரிஸின் கோழிக்கடை ஒன்றில் விலைக்கு வைத்திருந்த சரக்கை 1882 வாக்கில் குஸ்தாவ் கையபோத் ஓவியமாக்கினார். கோழிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன; வேட்டைப் பறவைகளும் விற்பனைக்குக் காத்திருக்கின்றன. வேட்டைக்காரன் இல்லை, நாய் இல்லை, சமைப்பவரும் இல்லை. நாம் நிற்பது வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில். செத்த பறவையை வரையும் நெடுங்கால வழக்கத்தில் தூரிகை வீச்சு மாறியதைவிட, பார்ப்பவர் நிற்கும் இடம் மாறியதே பெரிய மாற்றம் என்று இக்கட்டுரை கருதுகிறது.

பதினேழாம் நூற்றாண்டு ஆலந்தில் யான் வேனிக்ஸ் போன்றோர் வரைந்த வேட்டைப் படங்கள் அந்தஸ்தின் விளம்பரங்கள். முயலும் ஃபெசன்ட்டும் எவருடைய தோட்டத்துக்குப் பெருமை சேர்க்கின்றன என்பதைப் படமே சொல்லிவிடும். பிரான்சில் வேட்டை பிரபுக்களின் தனியுரிமை. 1789 ஆகஸ்ட் 4 இரவில் அது ஒழிந்தது. 1844 மே 3 சட்டத்துக்குப் பிறகு, 25 ஃபிராங்க் கட்டி உரிமம் பெற்றவர் வேட்டையாடலாம். தடைக்காலத்தில் வேட்டைப் பறவைகளை விற்பதும் வாங்குவதும் ஏற்றிச் செல்வதும் குற்றம் என்றும் அதே சட்டம் சொன்னது. ஆகவே கடையில் தொங்கும் ஃபெசன்ட் பருவகாலத்துக்கும் சாட்சி.

ஓவிய உலகிலோ செத்த பறவைகளை வரையும் இந்த வகைக்கு மதிப்பு குறைவு. 1667இல் கலைக் கோட்பாட்டாளர் ஆந்த்ரே ஃபெலிபியான் ஓவிய வகைகளுக்கு வகுத்த படிவரிசையில் உயிரற்ற பொருள்களை வரைபவர்கள் அடித்தட்டில்தான் இருந்தார்கள். ஆனால் நுணுக்கமான சோதனைகள் நடந்ததும் அந்த அடித்தட்டில்தான். பிரெஞ்சு ஓவியர் ஊத்ரி 1753இல் வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை வாத்தைத் தொங்கவிட்டு, வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை உண்டு என்று காட்டினார். ஓவியர் ஷார்தான் முதன்முதலில் செத்த முயல் ஒன்றை வரைய முயன்றபோது, மயிரிழைகள் தனித்தனியாகத் தெரியாத தூரத்தில் அதை வைத்துக்கொண்டதாக அவருடைய நண்பர் கொஷான் எழுதியிருக்கிறார். இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர் மோனே பிறப்பதற்கு நூறாண்டுக்கும் முன்னால் நடந்தது இது! 1869இல் லா காஸ் என்ற சேகரிப்பாளரின் கொடையால் ஷார்தானின் படங்கள் பல லூவருக்கு வந்துசேர்ந்தன.

இளம் ஓவியர்களை இந்த வகைக்குத் தள்ளியதில் பணமுடைக்கும் பங்குண்டு. மாடலுக்குக் கூலி தரவேண்டும். செத்த பறவை கூலி கேட்காது. 1862இல் மோனே வரைந்த வேட்டைப் படம் பழைய பாணியை ஒட்டியே நின்றது. 1866இல் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனுக்கு ஃபிரெடெரிக் பஸீய் அனுப்பியவற்றில் பியானோ வாசிக்கும் பெண் நிராகரிக்கப்பட்டாள்; மீன்கள் தேறின.

அடுத்த ஆண்டு, விஸ்கோந்தி தெருவில் பஸீய் வைத்திருந்த ஓவியக்கூடத்தில் ஒரே சாம்பல் நாரையைப் பஸீயும் ஆல்ஃபிரெட் சிஸ்லேயும் ஆளுக்கொரு கேன்வாஸில் வரைந்தார்கள். அங்கேயே தங்கியிருந்த ரெனுவார் நாரையை விட்டுவிட்டு, அதை வரைந்துகொண்டிருந்த பஸீயை வரைந்தார். அந்தப் படத்தின் பின்சுவரில் மோனேயின் பனிக்காட்சி ஒன்றும் தெரிகிறது. ஒரு பறவையைச் சுற்றி மூன்று படங்கள், நான்கு ஓவியர்கள்: இம்ப்ரஷனிசம் என்ற பெயர் பிறப்பதற்கு ஏழாண்டு முன்பே அந்தக் கூட்டத்தின் குடும்பப் படம் தயாராகிவிட்டது. ரெனுவாரின் படத்தைப் பின்னர் ஓவியர் எதுவார் மானே வைத்திருந்தார். 1876இல் நடந்த இரண்டாம் இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சிக்கு அதை இரவல் கொடுத்தவரும் அவரே. பஸீய் அதைக் காண உயிரோடு இல்லை. 1870 நவம்பர் 28 அன்று போன்-லா-ரொலாந்த் போர்க்களத்தில், 29 வயது நிறையும் முன்பே, அவர் இறந்துபோனார்.

நாரை வேட்டைப் பெருமைக்கு உரிய பொருளாக அங்கே இல்லை. சாம்பல், நீலம், வெள்ளை ஆகியவை எங்கே ஒன்றோடொன்று கலக்கின்றன என்று பார்க்கும் பயிற்சியே அது. 1879இல் மோனே ஃபெசன்ட்டுகளையும் உப்புக்கொத்திகளையும் வெள்ளைத் துணிமேல் கிடத்தி வரைந்தபோது கதை சொல்லும் துணைப்பொருள்கள் உதிர்ந்துபோயின. செப்டம்பரில் மனைவி கமீய் இறந்திருந்தார். கடும் குளிர்காலம், கையில் காசில்லை. இந்தப் படத்தில் துயரத்தைத் தேடுபவர்கள் உண்டு. பூ, பழம், வேட்டைப் பறவை ஆகிய படங்கள் நிலக்காட்சிகளைவிட எளிதாக விலைபோகும் என்ற கணக்கையும் அவர்கள் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அந்தக் கணக்கு கையபோத்துக்குத் தேவைப்படவில்லை. ராணுவத்துக்குப் படுக்கைத் துணி விற்ற குடும்பத்தின் சொத்து அவருக்கு இருந்தது. நண்பர்களின் படங்களை வாங்கியதும் அந்தப் பணத்தில்தான். விற்கும் கட்டாயமில்லாத ஒருவர் கன்றின் தலையையும் மாட்டு நாக்கையும் கோழிகளையும் அடுத்தடுத்து வரைந்தது விருப்பத்தால்தான். சாப்பாட்டு அறைச் சுவருக்கு அந்தக் கன்றுத்தலை எவருக்கு வேண்டும்? பழைய வேட்டைப் படம் உடைமையாளரைப் புகழ்ந்தது. இங்கே உடைமையாளர் இன்னும் வரவில்லை, விலை மட்டும் இருக்கிறது. ஒரே அளவில், ஒரே வரிசையில் கிடக்கும் கோழிகள் அந்நாளைய பாரிஸ் தெருக்களைப் போலவே ஒழுங்குபடுத்தப்பட்டவை.

1894இல் அவர் இறந்தபோது அரசுக்குக் கொடுத்துச் சென்றது நண்பர்களின் படங்களை. தன் படங்களை அவர் அதில் சேர்க்கவில்லை. அதனால் கடைப் படங்கள் நெடுங்காலம் தனியார் கைகளிலேயே கிடந்தன. இம்ப்ரஷனிச வரலாறுகளும் அவரைப் புரவலராகவே நினைவில் வைத்தன. 1976-77இல் ஹூஸ்டனிலும் புரூக்ளினிலும் நடந்த கண்காட்சிக்குப் பிறகே ஆய்வாளர்கள் அவரை ஓவியராக மறுபடி எடைபோடத் தொடங்கினர். 1883இல் வேட்டைப் பறவைகளோடு எலுமிச்சைகளைச் சேர்த்து அவர் வரைந்த படம் இப்போது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலுமிச்சை வந்ததுமே பறவை கடையை விட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பிவிடுகிறது.